நன்றியுரைக்குப் பிறகு

சென்னைக்குத் தெற்கே ஒரு சிறு நகரம். கிளை நூலகத்தின் மாடி, ஞாயிற்றுக்கிழமை மாலை. நாற்பது பிளாஸ்டிக் நாற்காலிகளில் முப்பது நிரம்பியிருந்தன. வந்தவர்களில் பெரும்பாலோர் அறுபதைத் தாண்டியவர்கள். வாசகர் வட்டம் ஏற்பாடு செய்த சொற்பொழிவு. தலைப்பு ‘நம் ஊர் ஏரி’. பேச வந்த பேராசிரியர் பழைய நில அளவைப் படத்தையும் இன்றைய செயற்கைக்கோள் படத்தையும் அடுத்தடுத்துத் திரையில் போட்டு, வரத்துக்கால்கள் ஒவ்வொன்றாக எப்படி மறைந்தன என்று ஐம்பது நிமிடம் விளக்கினார். கைதட்டினார்கள், பொன்னாடை போர்த்தினார்கள், நன்றியுரையும் ஆயிற்று.

மைக்கை அணைத்துத் தேநீர் கொடுத்துக்கொண்டிருந்தபோது பின்வரிசைப் பெரியவர் ஒருவர் எழுந்து திரைக்கு அருகே போனார். “சார், கோவிச்சுக்காதீங்க. நீங்க காட்டின படத்துல கலங்கல் ஒண்ணுதான் இருக்கு. இந்த ஏரிக்கு ரெண்டு” என்றார். அவருடைய அப்பா அந்த ஏரிக்கு நீர்க்கட்டியாக இருந்தவர். சிறுவயதில் அப்பாவோடு மதகு திறக்கப் போனவர் இவர். உபரிநீர் வழிந்தோடும் தாழ்வான இரண்டாவது கலங்கலைச் சாலை போட்டபோது மேடாக்கி மூடிவிட்டார்கள் என்றார். அதற்குள் ஓர் அம்மா அருகே வந்துவிட்டார். “அப்போ எங்க தெருவுக்குத் தண்ணி பின்பக்கமா வர்றது அதனாலதானா? சாக்கடை அடைச்சுக்கிச்சுன்னு பத்து வருஷமா முனிசிபாலிட்டிக்கு மனு கொடுத்துக்கிட்டிருக்கோமே!” பேராசிரியர் குறிப்பேட்டை எடுத்தார். ஏழெட்டுப் பேர் கூடிவிட்டார்கள். நூலகர் சாவிக்கொத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றார்.

அந்த அரைமணி நேரம் அழைப்பிதழில் இல்லை. ஆனால் அன்றைக்கு அந்த மாடியில் ஊருக்குப் புதிதாகத் தெரியவந்தது அந்த அரைமணியில்தான்.

படிப்பை முடித்துப் பல பத்தாண்டுகள் ஆனவர்களுக்கு உள்ளூர்ப் பிரச்சினைகள் குறித்து நடத்தப்படும் பொதுச் சொற்பொழிவுகளால் விளைவது என்ன என்பதே இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் கேள்வி. கருந்துளை பற்றிய பேச்சில் பேசுபவருக்குத் தெரிந்தது கேட்பவருக்குத் தெரியாது. அங்கே ஒருவர் பேச மற்றவர் கேட்பது இயல்பு. ஏரியோ குப்பைக் கிடங்கோ பேருந்துத் தடமோ பேசுபொருளாகும்போது அறிவில் பாதி நாற்காலிகளில் உட்கார்ந்திருக்கிறது. அந்தப் பாதியை வாங்கிக்கொள்ள வழி வைத்த இடங்களில் சொற்பொழிவு ஊரை அசைத்திருக்கிறது. வழி வைக்காத இடங்களில் அது நல்ல மாலைப்பொழுதாக முடிந்திருக்கிறது. வரலாறும், கிடைக்கும் ஆய்வுச் சான்றுகளும் இதைத்தான் காட்டுகின்றன என்பது என் வாதம்.

யார் இந்த மாணவர்கள்

‘வாழ்நாள் கல்வி’ என்ற சொல் 1972-இல் யுனெஸ்கோவுக்காக எட்கர் ஃபோர் குழு தந்த அறிக்கைக்குப் பிறகு அரசுக் கோப்புகளில் பரவியது. இந்தியாவில் அதற்குப் பெரும்பாலும் எழுத்தறிவு என்றே பொருள் கொள்ளப்பட்டது. 1978 அக்டோபர் 2-இல் தொடங்கிய தேசிய வயதுவந்தோர் கல்வித் திட்டமும் 1988-இன் தேசிய எழுத்தறிவு இயக்கமும் கையெழுத்துப் போடத் தெரியாதவர்களை நோக்கியவை. எழுதப் படிக்கத் தெரிந்து, வேலை பார்த்து, ஓய்வு பெற்று, இன்னும் இருபது ஆண்டு வாழப்போகிறவர் என்ன கற்பார் என்ற கேள்வி அத்திட்டங்களில் எழவில்லை.

இன்று அவர்கள் சிறு கூட்டம் இல்லை. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு மக்கள்தொகையில் 60 வயதைக் கடந்தவர்கள் 10.4 விழுக்காடு, அகில இந்திய அளவு 8.6. மூப்பு மிகுந்த மாநிலங்களின் வரிசையில் தமிழ்நாடும் நிற்கிறது. இவர்களில் மின்வாரிய லைன்மேன், சத்துணவு அமைப்பாளர், பத்திர எழுத்தர், நெசவாளர், கிராம உதவியாளர் என்று எல்லாரும் உண்டு. ஒவ்வொருவரும் ஊரின் ஒரு பகுதியை முப்பது நாற்பது ஆண்டு கையால் தொட்டவர். இவர்களை வெறும் ‘கேட்போர்’ என்று அழைப்பதிலேயே பிழை தொடங்கிவிடுகிறது.

மண்டபத்திலிருந்து பெரம்பூர் வரை

தமிழில் கூட்டத்துக்குச் சொல்லும் மரபு பழையது. கோயில் மண்டபத்தில் ஒருவர் புராணம் வாசிக்க, மற்றொருவர் பொருள் சொல்வார். ஆனால் பாட்டை விட்டு விலகி, ஒரு பொருளை எடுத்துக்கொண்டு, திரண்டிருக்கும் பொதுமக்களை நோக்கி உரைநடையில் பேசுவது பத்தொன்பதாம் நூற்றாண்டில் உருவானது. 1847 டிசம்பர் 31 அன்று யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் ஆறுமுக நாவலர் தொடங்கிய வெள்ளிக்கிழமைப் பிரசங்கங்களை இதன் முக்கியமான தொடக்கமாகக் கொள்வர். நாவலர் பீட்டர் பெர்சிவலுடன் விவிலிய மொழிபெயர்ப்பில் உழைத்தவர். மிஷனரிகளின் பிரசங்க முறையை அருகிலிருந்து பார்த்தவர். அதே கருவியை எடுத்துச் சைவத்துக்குப் பயன்படுத்தினார். சமயத்தோடு, தம் ஊர்க் கோயில்கள் நடத்தப்படும் விதத்தையும் கண்டித்துப் பேசினார். ‘உள்ளூர்ப் பிரச்சினை’ அப்போதே மேடைக்கு வந்துவிட்டது.

அந்த மண்டபங்களுக்குள் எல்லாரும் நுழைய முடியாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அயோத்திதாசர் 1898-இல் சென்னை ராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். அதன் கிளைகள் கோலார் தங்கவயல் வரை பரவி, ஒடுக்கப்பட்டோர் தமக்கென்று கூடிக் கேட்டுப் பேசும் இடங்களாயின. மேடை கிடைக்காதவர்கள் தனி மேடை போட்டுக்கொண்ட கதை இது. சேரிகளில் இன்றும் காணும் அம்பேத்கர் படிப்பகங்கள் அந்த வழியில் வருபவை.

1908 பிப்ரவரி, மார்ச் மாதங்களில் தூத்துக்குடியில் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் நிகழ்த்திய கூட்டங்கள் அடுத்த திருப்பம். தமிழ்ப் பேச்சுக்கலையை ஆராய்ந்த அமெரிக்க மானிடவியலாளர் பெர்னார்ட் பேட், சாதாரணத் தொழிலாளியை நோக்கித் தமிழில் எழுந்த அரசியல் பேச்சின் பிறப்பை இந்தக் காலத்தில் வைக்கிறார். தேசம், சுயராஜ்யம் என்ற பெரிய சொற்கள் அந்தப் பேச்சில் கோரல் மில்லின் கூலியோடும் வேலைநேரத்தோடும் பிணைந்தன. வேலைநிறுத்தம் நடந்தது, வென்றது. பேசியவர்கள் சிறை சென்றார்கள்.

என் வாதத்துக்கு மிக நெருக்கமான நிகழ்வு 1918-இல் நடந்தது. பெரம்பூரில் பக்கிங்ஹாம், கர்னாட்டிக் ஆலைகளுக்கு அருகே செல்வபதி செட்டியாரின் கடை இருந்தது. அவரும் இராமானுஜலு நாயுடுவும் வேங்கடேச குணாமிர்த வர்ஷணி சபை என்ற பெயரில் சமயச் சொற்பொழிவுகளை நடத்திவந்தனர். கேட்க வந்தவர்களில் ஆலைத் தொழிலாளர்கள் பலர். பக்திப் பேச்சைக் கேட்டுவிட்டு அவர்கள் உடனே வீடு திரும்பவில்லை. நீண்ட வேலைநேரம், குறுகிய உணவு இடைவேளை, மேலாளர்களின் அடி உதை என்று தங்கள் குறைகளைச் சபைக்காரர்களிடம் சொன்னார்கள். சபைக்காரர்களும் ‘இது ஆன்மிகச் சபை, அதையெல்லாம் இங்கே பேசாதீர்கள்’ என்று அனுப்பிவிடவில்லை. அந்தப் பேச்சு அரசியல் தலைவர் பி.பி.வாடியாவிடம் போய்ச் சேர்ந்தது, திரு.வி.க. உடன் நின்றார். 1918 ஏப்ரல் 27-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் அமைந்தது. முறையாக அமைந்த இந்தியாவின் முதல் தொழிற்சங்கம் என்று வரலாற்றில் குறிக்கப்படுவது இதுதான். அழைப்பிதழில் பக்தி இருந்தது. கூட்டம் முடிந்த பிறகு நடந்த பேச்சில் சங்கம் பிறந்தது.

சுயமரியாதை இயக்கம் இந்தப் பிந்தைய பேச்சை நிகழ்ச்சிக்குள்ளேயே கொண்டுவர முயன்றது. பெரியாரின் கூட்டங்களில் சீட்டில் கேள்வி எழுதி மேடைக்கு அனுப்பலாம். அவர் அதைப் படித்துப் பதில் சொல்வார். பிறகு திராவிட இயக்கமும் பொதுவுடைமை இயக்கமும் தெருமுனைப் படிப்பகங்களை வளர்த்தன. ஒருவர் பத்திரிகையை உரக்கப் படிப்பார். தேநீர்க் குவளையோடு நாலு பேர் எதிர்வாதம் செய்வார்கள். பேச்சாளரே இல்லாத சொற்பொழிவு என்று அதைச் சொல்லலாம்.

நூலகங்களின் பங்கும் சிறிதல்ல. 1931-இல் மன்னார்குடிக்கு அருகே மேலவாசலிலிருந்து மாட்டுவண்டி நூலகம் புறப்பட்டது. நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர்.இரங்கநாதனின் பெருமுயற்சியால் 1948-இல் சென்னை மாகாணம் பொது நூலகச் சட்டத்தை இயற்றியது. விடுதலை பெற்ற இந்தியாவில் அதுவே முதல். சொத்துவரியோடு நூலக வரியும் கட்டும் ஒவ்வொருவரும் இந்தக் கட்டுரையின் தொடக்கத்தில் வந்த மாடிக்குப் பங்குதாரர். நூலகம் ஊரில் இருப்பதும், அதற்கு ஒரு வாசகர் வட்டம் இருப்பதும் நாம் கட்டிவைத்த பெரிய முதலீடு. பல நாடுகளில் இப்படி ஓர் அடித்தளமே கிடையாது.

வெளியே நடந்தவை

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்து மில்பரியில் 1826-இல் ஜோசையா ஹோல்புரூக் தொடங்கிய ‘லைசியம்’ பத்தாண்டுகளுக்குள் ஆயிரக்கணக்கான ஊர்களுக்குப் பரவியது. ஊர்க்காரர்களே ஊர்க்காரர்களுக்குப் பேசுவது அதன் தொடக்க விதி. காங்கார்டு என்ற சிற்றூரின் லைசியத்தில் ஹென்றி டேவிட் தோரோ பேச்சாளராகவும் பொறுப்பாளராகவும் இருந்தார். 1846 ஜூலையில் தலைவரி கட்ட மறுத்து ஓர் இரவு ஊர்ச் சிறையில் கிடந்தார். ஏன் அப்படிச் செய்தார் என்று அக்கம்பக்கத்தாருக்குப் புரியவில்லை. 1848 ஜனவரியில் அதே லைசியத்தில் அவர்கள் முன் நின்று விளக்கினார். மறு ஆண்டு அச்சேறிய அந்தப் பேச்சுதான் ‘சட்ட மறுப்பு’ என்ற பெயரில் உலகம் அறிந்த கட்டுரை. தென்னாப்பிரிக்காவில் காந்தி அதைப் படித்துத் தம் பத்திரிகையிலும் வெளியிட்டார். வேதாரண்யத்தில் உப்பு அள்ளியவர்கள் வரை வந்து சேர்ந்த ஒரு கருத்து, பக்கத்து வீட்டுக்காரருக்குப் பதில் சொல்லப் போன உள்ளூர்ப் பேச்சில் உருக்கொண்டது.

அதே லைசியத்தின் பிற்காலமும் பாடம்தான். உள்நாட்டுப் போருக்குப் பிறகு, 1868-இல் பாஸ்டனில் ஜேம்ஸ் ரெட்பத் பேச்சாளர்களை ஊர் ஊராக அனுப்பும் நிறுவனம் தொடங்கினார். மார்க் ட்வைன் போன்ற புகழ்பெற்றவர்கள் வந்தார்கள், டிக்கெட் விற்றது, அரங்கம் நிறைந்தது. ஊரைப் பற்றிப் பேச ஊர்க்காரருக்கு இடம் இல்லாமல் போயிற்று.

டென்மார்க்கில் குருன்ட்விக் என்ற பாதிரியாரின் கருத்தைக் கொண்டு 1844-இல் ரொடிங் என்ற ஊரில் முதல் ‘மக்கள் உயர்பள்ளி’ எழுந்தது. உழவர் வீட்டு இளைஞர்கள் பனிக்காலத்தில் தங்கிப் பேச்சைக் கேட்டார்கள், பாடினார்கள், விவாதித்தார்கள். தேர்வு இல்லை, சான்றிதழ் இல்லை. 1880-களில் அந்த நாட்டில் பரவிய பால் கூட்டுறவுகளுக்கும் இந்தப் பள்ளிகளில் கூடிப் பழகிய பழக்கத்துக்கும் தொடர்பு உண்டு என்று வரலாற்றாசிரியர் பலர் கருதுகின்றனர். சுவீடனில் 1902-இல் ஆஸ்கர் ஓல்சன் லுண்டு நகரில் தொடங்கிய ‘படிப்பு வட்டம்’ பேச்சாளரையே விலக்கியது: பத்துப் பேர், ஒரு நூல், ஒரு மேசை.

முதியோருக்கென்றே தொடங்கிய இயக்கம் ‘மூன்றாம் வயதுப் பல்கலைக்கழகம்’. 1973-இல் பிரான்சின் துலூஸ் பல்கலைக்கழகத்தில் பியர் வேலா தொடங்கியபோது பேராசிரியர் பேசினார், முதியோர் கேட்டனர். 1981-82-இல் பீட்டர் லாஸ்லெட், மைக்கேல் யங், எரிக் மிட்வின்டர் ஆகியோர் அதைப் பிரிட்டனுக்குக் கொண்டுவந்தபோது தலைகீழாக்கினார்கள். கற்பிப்பவர், கற்பவர் என்ற பிரிவு இல்லை. உறுப்பினர்களே ஒருவருக்கொருவர் சொல்லித்தருவார்கள். பல்கலைக்கழகத்தின் தயவு வேண்டாம். ஓய்வு பெற்ற ரயில்வே ஊழியர் தம் ஊர் ரயில் பாதையின் வரலாற்றைத் தொகுத்துப் பேசுவது அங்கே சாதாரணம். பெயர் ஒன்றுதான். ஆனால் பிரெஞ்சு வடிவத்தில் மேடை பல்கலைக்கழகத்துக்குச் சொந்தம், பிரிட்டிஷ் வடிவத்தில் நாற்காலியில் இருப்பவர்களுக்குச் சொந்தம்.

பூனாவில் எடுத்த அளவு

இவையெல்லாம் கதைகள், அளந்து பார்த்தவர் உண்டா? உண்டு. டொனால்ட் பிளை என்ற பிரிட்டிஷ் கல்வியாளர் 1971-இல் விரிவுரையின் பயனைப் பற்றி எழுதிய நூலில் அதுவரை நடந்த சோதனைகளைத் தொகுத்தார். தகவலைக் கொண்டுசேர்ப்பதில் விரிவுரை மற்ற முறைகளுக்குக் குறைந்ததில்லை. சிந்திக்க வைப்பதிலும் மனப்போக்கை மாற்றுவதிலும் கலந்துரையாடலுக்குப் பின்தங்குகிறது.

நம் நாட்டிலேயே இன்னும் தெளிவான சான்று இருக்கிறது. கனடாவில் 1941 முதல் உழவர்கள் வீடுகளில் கூடி வானொலி கேட்டு விவாதிக்கும் மன்றங்கள் நடந்தன. அதே முறையை யுனெஸ்கோ உதவியோடு 1956-இல் பூனா வானொலி சோதித்தது. அன்றைய பம்பாய் மாநிலத்தின் 5 மாவட்டங்களில் ஏறத்தாழ 150 ஊர்கள். ஊருக்கு இருபது பேர் கொண்ட ஒரு மன்றம். பத்து வாரங்களில் 20 ஒலிபரப்புகள். உரம், கிணறு, கால்நடை, சுகாதாரம் என்று ஊர்ச் செய்திகள். கேட்டு முடித்ததும் மன்றம் விவாதிக்கும். தீராத கேள்வியை நிலையத்துக்கு எழுதும். அடுத்த ஒலிபரப்பில் பதில் வரும். சமூகவியலாளர் பால் நியூராத் இதை மதிப்பிட்டபோது மன்றம் உள்ள ஊர், வானொலி மட்டும் உள்ள ஊர், இரண்டும் இல்லாத ஊர் என்று மூன்று வகையை ஒப்பிட்டார். மன்ற ஊர்களில் அறிவு வெகுவாக உயர்ந்தது. வானொலி மட்டும் இருந்த ஊர்களில் ஏற்றம் சொற்பம். ஒலிபரப்பு ஒன்றுதான், குரல் ஒன்றுதான். வேறுபாடு பெட்டியை அணைத்த பிறகு நடந்ததில் இருந்தது. மன்றங்கள் பல ஊர்களில் பொதுக் காரியங்களை முடிவெடுக்கும் இடமாகவும் மாறின என்பது அவர் கவனித்த மற்றொன்று. 1959 முதல் இம்முறை நாடெங்கும் விரிவாக்கப்பட்டது. விரிவு கூடியபோது கவனிப்பு குறைந்து, நாளடைவில் ஓய்ந்தது.

தஞ்சை உழவர்களுக்கு இதன் ருசி தெரியும். 1960-களில் ஆடுதுறை-27 என்ற நெல் ரகத்தைத் திருச்சி வானொலியின் வேளாண் ஒலிபரப்பு வழியே கேட்டறிந்து பயிரிட்டவர்கள் அதற்கு ‘ரேடியோ நெல்’ என்றே பெயர் வைத்தார்கள். பேச்சு விதையாக மாறியதற்கு ஊரே சூட்டிய பெயர் அது. அங்கும் வானொலியோடு களத்துக்கு வந்த வேளாண் அலுவலரும் வரப்பில் நின்று பேசிய பக்கத்து வயல்காரரும் இருந்தார்கள்.

புதுக்கோட்டைப் பாடம்

1980-இல் தொடங்கிய தமிழ்நாடு அறிவியல் இயக்கம் கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத்தின் வழியைப் பார்த்து வளர்ந்தது. அதன் தொண்டர்கள் பலர் அறிவொளி இயக்கத்துக்குள் வந்தார்கள். 1991-இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் தலைமையில் நடந்த இயக்கம் எழுத்தறிவு வரலாற்றில் தனி அத்தியாயம். பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றதை எல்லாரும் சொல்வார்கள். வகுப்புக்கு வந்து போகவும் தொண்டர்கள் ஊர் ஊராய்ப் போகவும் சைக்கிள் தேவைப்பட்டது. தேவை பிறகு விடுதலையாயிற்று.

அவ்வளவாகப் பேசப்படாத பகுதி கல்குவாரி. அந்த மாவட்டத்தில் கல் உடைக்கும் பெண்கள் ஒப்பந்தக்காரர்களிடம் கட்டுண்டு கிடந்தார்கள். எழுத்தும் கணக்கும் வந்தபோது, தங்களுக்கு எவ்வளவு கூலி, குவாரியின் குத்தகை எவ்வளவு என்ற கேள்வியும் கூடவே வந்தது. குவாரிகளைப் பெண்கள் குழுக்களுக்கே குத்தகைக்கு விடும் நடவடிக்கையை நிர்வாகம் எடுத்தது. பாடம் உள்ளூரிலிருந்து எடுக்கப்பட்டு உள்ளூருக்கே திரும்பிய வட்டம் இது. கற்றவர்களின் கேள்வியை வாங்கிக்கொள்ள எதிரே ஒருவர் இருந்தார் என்பது இதில் முக்கியம். கேட்க ஆளில்லாத இடத்தில் விவாதம் எத்தனை சூடாக நடந்தாலும் ஆவியாகிப் போகும்.

இன்றைய மேடை

இன்று தமிழ்நாட்டில் சொற்பொழிவுக்குப் பஞ்சமில்லை. பல்கலைக்கழகங்களில் அறக்கட்டளைச் சொற்பொழிவுகள். யாரோ ஒரு புரவலர் வைத்துப் போன வைப்புநிதியின் வட்டியில் ஆண்டுக்கு ஒன்று. பெரும்பாலும் மாணவர்களை வகுப்பிலிருந்து அழைத்து வந்து உட்கார வைப்பார்கள். ஊர்க்காரர்களுக்கு அழைப்பு போகாது. 1994 முதல் இயங்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் ஆய்வாளரையும் ஆர்வலரையும் ஒரே அறையில் உட்கார வைக்கிறது. 2010-இல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்தின் கூட்டங்களுக்கு ஓய்வு பெற்றவர்கள் பேருந்து மாறி வருகிறார்கள். கீழடியில் 2015-இல் அகழாய்வு தொடங்கிய பிறகு தொல்லியல் பேச்சுக்கு ஊர் ஊராகக் கூட்டம் சேர்ந்தது.

தமிழ்நாட்டில் உள்ளூர் வரலாற்றுக்கென்றே எழுந்த வெற்றிகரமான முயற்சி, சென்னையில் 2004-இல் எஸ்.முத்தையா, சசி நாயர், வின்சென்ட் டிசௌசா ஆகியோர் தொடங்கிய மெட்ராஸ் தினம். நகரம் உருவான நாளாகக் கருதப்படும் 1639 ஆகஸ்ட் 22-ஐ மையமாகக் கொண்டு ஆண்டுதோறும் பேச்சு, நடை, கண்காட்சி என்று பல வாரங்கள் நீள்கிறது. யார் வேண்டுமானாலும் தம் பகுதியில் ஒன்றை நடத்தலாம் என்ற தளர்வான அமைப்புதான் அதன் வலிமை. தெரு நடைகள் எனக்குப் பிடிக்கக் காரணம் வேறு: நடக்கும்போது பேச்சாளருக்கு மேடை கிடையாது. முன்வாசலில் உட்கார்ந்திருக்கும் பாட்டி குறுக்கிட்டு, “இது தேவடியாத் தெரு இல்லைப்பா, தேவடித் தெரு” என்று திருத்திவிட்டுப் போவார்.

பட்டிமன்றத்தின் கதை லைசியத்தின் கதையை நினைவூட்டுகிறது. 1939-இல் சா.கணேசன் தொடங்கிய காரைக்குடி கம்பன் கழகத்தில் அது இலக்கிய வழக்காடலாக வளர்ந்தது. குன்றக்குடி அடிகளார் அதைச் சமூகக் கேள்விகளுக்கும் திறந்துவிட்டார். பிறகு தொலைக்காட்சியின் பண்டிகை நாள் நிகழ்ச்சியாயிற்று. மாமியாரா மருமகளா என்று சிரிக்க வைக்கும் அந்த மேடைக்கு எந்த ஊரும் சொந்த ஊர் இல்லை. சிரிப்பைக் குறை சொல்ல வரவில்லை. ஒரே நிகழ்ச்சியை எல்லா ஊரிலும் நடத்தலாம் என்று ஆகிவிட்டால் அது உள்ளூர்ச் சொற்பொழிவாக இருக்க முடியாது.

வராதவர்கள்

எல்லா நாட்டு அனுபவமும் ஒத்துச் சொல்லும் ஒரு குறை உண்டு: ஏற்கெனவே படித்தவர்தான் மேலும் படிக்க வருகிறார். பிரிட்டனின் மூன்றாம் வயதுப் பல்கலைக்கழகங்கள் நடுத்தர வர்க்கத்தாரின் மன்றங்கள் என்ற விமர்சனம் தொடக்கம் முதல் இருக்கிறது. நம் நூலக மாடியிலும் ஓய்வு பெற்ற ஆசிரியர், வங்கி ஊழியர், அரசு அலுவலர் என்றே முதல் மூன்று வரிசை இருக்கும்.

வராததற்குக் காரணங்கள் பெரும்பாலும் சின்னவை. மாலை ஆறரை மணி என்பது ஆண்களின் நேரம். வீட்டில் அப்போது அடுப்பு எரிகிறது. மாடிக்கு லிஃப்ட் இல்லை, முட்டிவலிக்காரர் ஏற முடியாது. கழிப்பறை பூட்டியிருக்கும். அழைப்பிதழின் மொழியே ‘இது எனக்கில்லை’ என்று பலரிடம் சொல்லிவிடும்: ‘நீர்மேலாண்மையில் சமகாலச் சவால்கள்’. அதையே ‘மழைத் தண்ணி நம்ம தெருவுக்கு ஏன் வருது?’ என்று போட்டுப் பாருங்கள்.

1989-இல் தருமபுரியில் தொடங்கிய மகளிர் சுயஉதவிக் குழுக்கள் இன்று எந்த ஊரிலும் உண்டு. அவர்களுக்கு ஏற்கெனவே ஒரு கிழமை, ஒரு நேரம், ஒரு திண்ணை இருக்கிறது. பேச்சாளர் அங்கே போகலாம். நூறு நாள் வேலை நடக்கும் ஏரிக்கரையில் மதிய உணவு வேளையில் ஏரியைப் பற்றிப் பேசினால் படம் காட்டத் திரைகூட வேண்டாம்.

ஊருக்குள் பேசுவதன் சிக்கல்

உள்ளூர்ப் பொருளுக்கு இன்னொரு குணம் உண்டு. அமேசான் காட்டை அழித்தவர் கூட்டத்துக்கு வரமாட்டார். வரத்துக்காலின் மேல் வீடு கட்டியவர் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருக்கலாம். தேநீருக்குப் பணம் கொடுத்தவரே அவராகவும் இருக்கலாம். ஆகவே பேசுபவர் நழுவுகிறார். ‘மக்கள் விழிப்புணர்வு பெற வேண்டும்’ என்று யாரையும் உறுத்தாமல் முடித்துவிடுகிறார். காங்கார்டிலும் இதே தகராறு எழுந்தது. 1845-இல் அடிமை ஒழிப்புப் பேச்சாளர் வெண்டல் பிலிப்ஸை அழைத்தபோது, லைசியத்தில் சர்ச்சை கூடாது என்று பொறுப்பாளர் சிலர் விலகிப் போனார்கள். அழைப்பு ரத்தாகவில்லை.

இதற்கு மருந்து சத்தம் போடுவதும் பெயர் சொல்லித் திட்டுவதும் இல்லை, ஆவணம். புலப்படம், அ-பதிவேடு, 2005-இன் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் வாங்கிய பதில் ஆகியவற்றைத் திரையில் போட்டுவிட்டால், பேச்சாளருக்கும் ஆக்கிரமித்தவருக்கும் நடக்கும் சண்டையாக அது ஆகாது. ஆவணமும் பிழைபடும் என்பதைத்தான் நீர்க்கட்டியின் மகன் காட்டினார். படத்தில் ஒரு கலங்கல், நினைவில் இரண்டு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் வேலைக்கு நூலக மாடியைப் போல் தோதான இடம் வேறில்லை. நினைவும் தவறலாம், அதைச் சரிபார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நாலு பேர் ஏரிக்கரைக்குப் போனால் போதும்.

தமிழ்நாட்டில் சுமார் 39,000 ஏரிகள் உண்டு என்பது அரசின் கணக்கு. 2015 டிசம்பர் 1 அன்று செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி திறந்துவிட்ட இரவில் அடையாற்றின் பழைய பாதையை எத்தனை பேர் நினைத்துப் பார்த்திருப்பார்கள்? நான்கே ஆண்டில், 2019 ஜூலையில், ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு ரயிலில் குடிநீர் வந்தது. இரண்டு பேரிடருக்கும் விடை தேடும் வல்லுநர் அறிக்கைகள் பல உண்டு. ஒவ்வொரு மதகையும் கலங்கலையும் பெயர் சொல்லி அறிந்த தலைமுறை எழுபதைக் கடந்துகொண்டிருக்கிறது. அவர்களுக்காக நடத்தும் கல்வி என்றே சொற்பொழிவை நினைக்கிறோம். ஊர் அவர்களிடமிருந்து கற்க மிச்சமிருக்கும் நாட்களும் குறைவு.

ஆறாவது பத்தி

ஆக, செய்ய வேண்டியது பெரிதொன்றுமில்லை. பேச்சு முப்பது நிமிடம். அதற்குப் பிந்தைய பேச்சுக்கு ஐம்பது. திரையில் காட்டும் படத்தின் அச்சுப்பிரதி மேசையில் விரிந்திருக்கட்டும், பென்சிலோடு. பெரியாரின் கூட்டம்போல் கேள்விச் சீட்டு இருக்கட்டும். எழுதத் தயங்குபவருக்கு எழுதித்தர ஒருவர். பூனா மன்றங்களைப் போல் தீராத கேள்வி அடுத்த மாதக் கூட்டத்தில் முதல் பொருளாகட்டும். அதைக் கொண்டுபோய்ச் சேர்க்க இடமும் இருக்கிறது. 2022 முதல் கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. நகரங்களில் பகுதி சபைகள் அதே ஆண்டு நவம்பர் 1-இல் தொடங்கின. அந்தச் சபைகளில் வெறுங்கையோடு போய் நிற்பவர் மனு கொடுக்கிறார். படத்தோடு போகிறவர் வழக்கு உரைக்கிறார்.

அடுத்த மாதம் அதே மாடிக்குப் போனேன். அன்று சர்க்கரை நோய் பற்றிய பேச்சு, கூட்டம் அதிகம். நீர்க்கட்டியின் மகன் வரவில்லை. முடிந்ததும் நூலகரிடம் நிகழ்ச்சிப் பதிவேட்டைக் கேட்டுப் புரட்டினேன். ஏரிப் பேச்சுக்கு ஒரு வரி ஒதுக்கியிருந்தார். தேதி, தலைப்பு, பேச்சாளர், வந்தவர் எண்ணிக்கை, தேநீர்ச் செலவு என்று ஐந்து பத்திகள். இரண்டாவது கலங்கல் எங்கும் இல்லை.

“அதை எங்க சார் எழுதுறது? அதுக்குப் பத்தி இல்லையே” என்றார் நூலகர். அவர் சொன்னது சரிதான். பக்கத்தின் வலது ஓரத்தில் இரண்டு விரற்கடை இடம் வெறுமையாக இருந்தது. நான் பையிலிருந்து அடிக்கோலை எடுத்துக் கொடுத்தேன்.